ஊருக்கு ஒரு கலங்கரை விளக்கம்

எங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், ‘கடல் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஊர்ப் பெருமை வாரியம் வந்த பிறகு அப்படிப் பொறுப்பில்லாமல் பதில் சொல்ல முடியாமல் போயிற்று. வாரியம் ஒரு கையேடு அச்சடித்தது. அதன்படி ஊரின் முதல் கவர்ச்சி கடல். இரண்டாவது கவர்ச்சி கடற்கரை. மூன்றாவது, கடற்கரையிலிருந்து கடலைப் பார்க்கும் இடம். நான்காவதாகக் ‘கலங்கரை விளக்கம்’ என்று தலைப்பு மட்டும் போட்டுப் படத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கலங்கரை விளக்கம் கிடையாது. பக்கத்து ஊரில் இருக்கிறது. வாரியத் தலைவருக்கு இது தொண்டையில் சிக்கிய முள்.

வரலாற்றுப் பகுதியை எழுதியவர் வாரியத்தின் வரலாற்று ஆலோசகர். ‘ஆதியில் இங்கே மீன்கள் இருந்தன. பின்னர் மக்கள் வந்தனர். அதன்பின் மீன்கள் குறைந்தன’ என்று கச்சிதமாகத் தொடங்கியிருந்தார். மீதிப் பக்கங்களில் தலைவரின் புகைப்படங்கள் இருந்தன. யாரும் வாங்காததால் கையேடுகள் வாரிய அலுவலகத்தின் அலமாரிகளை நிரப்பி, மாடிப்படியை நிரப்பி, கடைசியில் அலுவலகக் கழிப்பறையையும் கூரைவரை நிரப்பின. அதிலிருந்து வாரியத்துப் பெரியவர்களும் அவசரத்துக்குச் சாலையைக் கடந்து, எல்லோரையும் போலப் பொதுக் கழிப்பறைக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பொதுக் கழிப்பறை மீன் ஏலக் கொட்டகையை ஒட்டி இருந்தது. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள், மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. கடலைப் பார்த்த சுவரில் மட்டும் கண்ணைக் குத்தும் மஞ்சள். யாரோ படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை அந்தச் சுவரில் தீர்த்திருந்தார்கள். கட்டடத்தைக் காலையில் திறந்து, கழுவி, வாளியில் தண்ணீர் நிரப்பி வைப்பவரை ஊரே சாவிக்காரர் என்று கூப்பிட்டது. சாது. யாராவது அதட்டினால் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு எதிர்ப்பு காட்டத் தெரியாதவர். அவர் மனைவி கொட்டகையில் மீன் விற்பவர். அவருக்கு எதிர்ப்பு காட்ட நன்றாகத் தெரியும்.

கொட்டகையில் முப்பது நாற்பது பெண்கள் விடியும் முன்பே வந்து மத்தியானம் தாண்டும்வரை நிற்பார்கள். ஏலம் எப்போது எந்தக் கூடைக்கு வரும் என்று தெரியாது. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் நல்ல மீன் போயே போய்விடும். அவர்களுக்கு இருந்தது அந்த வலது பக்கம் ஒன்றுதான்.

அதை இடிக்க வாரியம் முடிவு செய்தது. எந்தப் பக்கம் நின்று கடலைப் படம் எடுத்தாலும், கூப்பிடாத விருந்தாளி மாதிரி கழிப்பறையும் படத்துக்குள் வந்துவிடுகிறதாம்.

“போய்ப் பேசிட்டு வாங்க,” என்றார் மனைவி.

“நான் என்னத்தப் பேசுறது?”

“வாயைத் தொறங்க. ஏதாவது வரும்.”

அந்த அறிவுரைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வாரியக் கூட்டத்தில் சாவிக்காரரைக் கடைசி நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் முறை வந்தபோது பெண்கள் படப்போகும் பாட்டைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து பேசினார்.

“இதோ பாருப்பா. பெண்கள் நலத்துல இந்த வாரியத்துக்கு இருக்கிற அக்கறை உனக்குத் தெரியாது. போன வருஷம் அதுக்காகவே மலை மேல மூணு நாள் மாநாடு போட்டோம். பெண்களை அவ்வளவு தூரம் அலைய வைக்கக் கூடாதேன்னு அவங்களைக் கூப்பிடவே இல்ல. அப்படிப்பட்ட எங்ககிட்ட வந்து நீ பெண்கள் கஷ்டத்தச் சொல்ற.”

எல்லோரும் கைதட்டினார்கள். சாவிக்காரரும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார். தட்டும்போது கையிலிருந்த சாவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவருக்கு, மனைவியின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குனிந்தபடியே சொன்னார்:

“அத இடிச்சா படகெல்லாம் எப்படிங்க வரும்?”

“படகா?”

“என் மச்சினன் படகு ஓட்டுறானுங்க. அவன் சொல்லுவான். வெளிய மணல் திட்டு இருக்குதாம். நம்ம மஞ்சச் சுவரும், பின்னாடி இருக்கிற ஐஸ் ஃபேக்டரித் தொட்டியும் ஒரே நேரா வந்து நின்னா, அதுதான் வழியாம். அதப் புடிச்சு வந்தா தட்டாதாம். இல்லன்னா தட்டுமாம். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் படகுல ஒரே ஒரு தடவ ஏறி வாந்தி எடுத்தவன்.”

வரலாற்று ஆலோசகர் மெல்ல எழுந்தார். அவர் எழுந்தால் குறைந்தது அரை மணி நேரம் என்பதால் இரண்டு பேர் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அன்று அவர் சுருக்கமாகத்தான் பேசினார்.

“கடல்ல வர்ற கலங்களுக்குக் கரையில நின்னு வழி காட்டுற கட்டடத்துக்கு என்ன பேரு?”

ஒருவருக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் துணியவில்லை.

“கலங்கரை விளக்கம்!” என்றார் ஆலோசகர்.

ஓர் உறுப்பினர் சந்தேகப்பட்டார். “ஆனா அதுல விளக்கு இல்லையே?”

“பொம்பளைங்க பக்கம் ஒரு பல்பு இருக்குங்க,” என்றார் சாவிக்காரர், உதவுகிற நோக்கத்தில்.

“எரியுமா?”

“விட்டு விட்டு எரியும்.”

“விட்டு விட்டு!” ஆலோசகர் மேசையைத் தட்டினார். “கேட்டீங்களா? உலகத்துல எந்தக் கலங்கரை விளக்கமாவது விடாம எரியுதா?”

தலைவர் கண்களில் நீர் திரண்டதை நானே பார்த்தேன் என்று தேநீர் கொண்டுபோனவர் இன்றும் சொல்கிறார். இடிக்கும் தீர்மானம் அங்கேயே கைவிடப்பட்டது. ஊரே சாவிக்காரரைப் பாராட்டியது. அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் காலையில் கழிப்பறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. ‘பாதுகாக்கப்பட்ட சின்னம். பயன்படுத்துதல் தண்டனைக்குரியது.’

ஆலோசகர் உள்ளே போய் ஆராய்ச்சி செய்தார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, ஒரு தூரிகையால் ஒவ்வொரு ஓடாகத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஆராய்ச்சியின் முடிவுகள் சிறு சிறு பலகைகளாக வந்தன. உட்காரும் இடத்துக்கு மேலே ‘கலங்கரைக் காவலர் அமர்ந்து கடலைக் கண்காணித்த பீடம்’ என்று ஒன்று. எதிரே காற்றுப் போக இருந்த ஓட்டைக்குக் ‘கண்காணிப்புச் சாளரம்’. குழாய்க்கு ‘நன்னீர் ஊற்று’. ஆண்கள் பக்கம் வரிசையாகச் சுவரில் இருந்தவை என்ன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததால், அவற்றுக்குப் பலகை வைக்கவில்லை.

வாளியோடு இருந்த நீலப் பிளாஸ்டிக் குவளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே சின்ன விளக்கும் போட்டார்கள். ‘காவலர் பயன்படுத்திய கலம். காலம் கணிக்கப்பட்டு வருகிறது.’

“போன மாசம் நான்தாங்க வாங்கினேன்,” என்றார் சாவிக்காரர்.

“நீ வாங்கினது இருக்கட்டும். உனக்கு முன்னாடி யாரு வாங்கினது, அதுக்கு முன்னாடி யாரு வாங்கினது? குவளைங்கிறது ஒரு தொடர்ச்சிப்பா,” என்றார் ஆலோசகர்.

சாவிக்காரரையும் விடவில்லை. அவர் இப்போது ‘பாரம்பரியக் காவலர்’. வெள்ளைச் சீருடை, பொன் நிறப் பொத்தான்கள், காதுவரை இறங்கும் தொப்பி. சின்னத்தின் முன்னால் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடலைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பயணிகள் அவரைப் படமெடுத்தார்கள். சாவி அவரிடம்தான் இருந்தது. திறந்தால் வேலை போகும் என்று அதோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கொட்டகைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். ஐஸ் கட்டியும் உப்புக் காற்றும் இருக்கிற இடத்தில் நாக்கு வறண்டு நின்றார்கள். இருவருக்கு நீர்க்கடுப்பு வந்து படுத்தார்கள். கர்ப்பமாக இருந்த பெண் ஒருத்தி ஏலத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள். இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. வாரியத்துப் பெரியவர்களுக்குச் சிரமம் இல்லை. அவர்கள் அவசரம் வந்தால் வாரிய ஜீப்பில் வீட்டுக்குப் போய் வந்தார்கள். ‘கள ஆய்வு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சில நாள் ஜீப்பில் இடம் கிடைக்காமல் சண்டை நடந்தது.

“வாயத் தொறங்கன்னு நான்தான் சொன்னேன். தப்புதான்,” என்றார் மனைவி, சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைத்து. “ஆனா இடிச்சிருந்தாக்கூட, நாலு குட்டிச் சுவராவது மிச்சம் நின்னிருக்கும். ஒரு மறைவாவது கெடச்சிருக்கும்.”

“வேலை போயிடும்டி.”

“என்ன வேலை? கழுவுற வேலை போயிடுச்சு. இப்ப பாக்குறது பொம்ம வேலை.”

சாவிக்காரர் தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட்டார்.

பெண்கள் எல்லோரும் சேர்ந்து வாரியத்துக்குப் போனார்கள். தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலிகள் போதாததால் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

“அம்மா, உங்க உணர்வு எனக்குப் புரியுது. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துல பார்வையாளர்களுக்காகப் பளிங்குக் கழிப்பறை கட்டப் போறோம்.”

“நாங்களும் போகலாமா?”

“பார்வையாளர்னா வெளியூர்லேர்ந்து வந்து ஊரைப் பார்க்கிறவங்க. நீங்க பார்க்கப்படுறவங்க. நீங்களே பார்வையாளராப் போயிட்டா, வர்றவங்க யாரைப் பார்ப்பாங்க? யோசிங்க. நாங்களும் எங்க வீட்டுக்குத்தான் போறோம். இந்த ஊருக்காக எல்லாரும் கொஞ்சம் அடக்கிக்கத்தாம்மா வேணும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அடுத்த கையேட்டின் அட்டையில் போடலாமா என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு மேலிடத்திலிருந்து ஓர் அம்மையார் வருவதாக ஏற்பாடாயிற்று. பெரிய பதவி. அவர் காரில் வந்தால் வரலாறு உறைக்காது என்று ஆலோசகர் கருதினார். பழங்கால மாலுமிகளைப் போலக் கடல் வழியாக, கலங்கரை விளக்கத்தை நோக்கி வர வேண்டும். நல்ல படகாகப் பார்த்து, சாவிக்காரரின் மச்சினனுடைய படகையே பிடித்தார்கள். அதற்குப் பூச்சுற்றினார்கள். அம்மையாருக்கு வெயிலில் தாகம் எடுக்கக் கூடாதே என்று ஒரு பெட்டி நிறையக் குளிர்பானமும் ஏற்றினார்கள்.

விழா அன்று காலையில் கழிப்பறையைக் காணோம். கூரையிலிருந்து தரைவரை ஒரு பெரிய நீலத் துணி போர்த்தியிருந்தார்கள். வானமும் நீலம், துணியும் நீலம். சாவிக்காரர் துணியைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தலை சுற்றியது. இந்தத் தடவை கடலால் அல்ல.

தலைவரிடம் ஓடினார். “ஐயா, மஞ்சச் சுவர மூடிட்டாங்க. மச்சினன் எதப் பாத்து வருவான்?”

தலைவர் தம் உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். பொறுமையாகவே விளக்கினார். “ஏம்ப்பா, அந்த அம்மா எதுக்கு வர்றாங்க?”

“தொறந்து வைக்கங்க.”

“அவங்க வந்து திறக்கிறதுக்கு முன்னாடியே அது தெரிஞ்சா, திறப்பு விழா எதுக்கு?”

சாவிக்காரர் இதற்குப் பதில் யோசித்தார். இன்றுவரை கிடைக்கவில்லை என்கிறார்.

படகு தூரத்தில் தெரிந்தது. வாத்தியக்காரர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். படகு நேராக வந்தது, தயங்கியது, இடப்பக்கம் போனது, திரும்பி வலப்பக்கம் வந்தது. கரையில் இருந்தவர்கள் ஏதோ மரியாதை அணிவகுப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிறகு படகு சற்றே குலுங்கி, மணல் திட்டில் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

“மாமா! சுவரு எங்க மாமா?” என்று மச்சினன் கத்தியது காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது.

“என்ன சொல்றாரு?” என்றார் தலைவர்.

“கலங்கரை விளக்கம் எங்கன்னு கேக்குறானுங்க,” என்றார் சாவிக்காரர்.

“பார்த்தியா, எவ்வளவு ஆவல்!” என்று தலைவர் நெகிழ்ந்தார்.

கடல் மட்டம் ஏறினால்தான் படகு மிதக்கும். விழாக் குறிப்பில் காத்திருப்புக்கு நேரம் ஒதுக்கவில்லை. எனவே தலைவர் ஒலிபெருக்கியை மணல் திட்டை நோக்கித் திருப்பி, வரவேற்புரையைத் தொடங்கிவிட்டார். ஊரின் அலைகளைப் பற்றிப் பேசினார். ஓடும் நீரைப் பற்றிப் பேசினார். பொங்கும் கடல், பெருகும் ஊற்று, கொட்டும் மழை என்று அவர் உரை முழுக்க ஈரமாக இருந்தது. திட்டின் மேல் நின்ற படகில் அம்மையார் வேறு வழியில்லாமல் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார். முதலில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து நின்றார். பிறகு படகுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தார்.

ஒரு வழியாகச் சின்னப் படகு ஒன்று போய் அவரை இறக்கிக் கூட்டி வந்தது. கரையில் கால் வைத்ததும் மாலையோடு பத்துப் பேர் பாய்ந்தார்கள். அம்மையார் மாலையை விலக்கி, தலைவரை விலக்கி, ஆலோசகரை விலக்கி, விறுவிறுவென்று கொட்டகைப் பக்கம் வந்து, முதலில் கண்ணில் பட்ட பெண்ணின் கையைப் பிடித்தார். அது சாவிக்காரரின் மனைவி.

“இங்க பாத்ரூம் எங்கம்மா இருக்கு?”

மனைவி நிதானமாக நீலத் துணியைக் காட்டினார். “இருந்துச்சுங்க. இப்ப அதுதான் கலங்கரை விளக்கம்.”

“வேற?”

“வேற இல்லீங்க. நாங்க முப்பது நாப்பது பேரு தெனம் இப்படித்தான் நிக்கிறோம்.”

அம்மையார் அந்தப் பெண்களை ஒரு முறை பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். அங்கே யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“நம்ம அலுவலகத்துல நவீன வசதி...” என்று தொடங்கிய தலைவரின் காதில் உதவியாளர் கிசுகிசுத்தார். “கையேடுங்க சார். கூரைவரைக்கும்.”

அம்மையார் துணியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். மஞ்சள் சுவர் பளீரென்று வெளியே வந்தது. கடலில் மச்சினன் விசிலடித்தான். வாத்தியக்காரர்கள் இதுதான் தருணம் என்று வெளுத்து வாங்கினார்கள். கதவுக்குக் குறுக்கே ரிப்பன் இருந்தது. கத்தரிக்கோல் வரும்வரை நிற்கும் நிலையில் அவர் இல்லை. கையாலேயே அறுத்தார்.

“சாவி!” என்றார்.

எல்லோரும் சாவிக்காரரைப் பார்த்தார்கள். தலைவர் கூடாது என்று தலையை ஆட்டினார். ஆலோசகர், “ஆய்வு இன்னும் முடியலையே!” என்று பதறினார். சாவிக்காரர் தலைவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

கதவு சாத்தப்பட்டது. வாத்தியம் நின்றது. ஊரே மரியாதையாக அமைதி காத்தது. உள்ளே பல்பு விட்டு விட்டு எரிவது கதவின் மேல் இடுக்கில் தெரிந்தது.

சற்றுப் பொறுத்து உள்ளே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

“குவளை,” என்றார் ஆலோசகர், நெஞ்சில் கையை வைத்து.

வெளியே வந்த அம்மையாரின் முகத்தில் அப்படி ஓர் அமைதி. ஒலிபெருக்கியை நீட்டினார்கள். “நல்லா இருக்கு. பூட்டாதீங்க,” என்றார். அவ்வளவுதான் பேசினார். எங்கள் ஊர் கேட்டதிலேயே சிறந்த உரை அதுதான். பிறகு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். அவர் போவதற்குள் பெண்கள் பக்கம் வரிசை கொட்டகை முனைவரை நீண்டுவிட்டது.

வாரியம் உடனே கூடியது. தோற்றதாக ஒப்புக்கொள்ளும் பழக்கம் அதற்கு இல்லை. ‘மேலிடத்து வழிகாட்டுதலின்படி, சின்னத்தை மக்கள் நேரடியாக அனுபவித்து உணரும் புதிய திட்டம் தொடங்கப்படுகிறது’ என்று அறிவித்தது. ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே போகும் ஒவ்வொருவரும் முதலில் காவலர் வாயால் சின்னத்தின் வரலாற்றைக் கேட்டாக வேண்டும். அதை ஆலோசகர் பதினோரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

சாவிக்காரர் நேர்மையான ஆள். முதல் நாள் பதினோரு பக்கத்தையும் படிக்கத்தான் பார்த்தார். ‘அலைகடல் தாலாட்டும்’ என்ற இடத்துக்கு வருவதற்குள் வரிசையிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. வசவில் முன்னால் நின்றவர் அவர் மனைவி. அன்று மாலைக்குள் வரலாறு சுருங்கிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் வாரிய ஜீப் பழுதாகிக் கிடந்தது. வரலாற்று ஆலோசகர் சாலையைக் கடந்து, சிறு சிறு அடியாக வைத்து, வேகமாக வந்தார். எழுதியவரே வந்திருக்கிறாரே என்று சாவிக்காரர் மரியாதையாகத் தொப்பியைச் சரிசெய்து, பதினோரு பக்கத்தையும் எடுத்து, தொண்டையைக் கனைத்தார்.

“அலைகடல் தாலாட்டும் இந்தத் தொன்மையான...”

“அடச்சே, சுருக்கமாச் சொல்லுய்யா!”

“கட்டுனாங்க. பூட்டுனாங்க. தொறந்தாங்க.”

“சரியாத்தான் இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே ஆலோசகர் உள்ளே ஓடினார்.